சாலைச் சந்திப்புக்கு யார் பணம் தருவது?



கடலூரையும் சிதம்பரத்தையும் இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 32. திருச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 81 சிதம்பரத்தில் இதனோடு சேர்கிறது. இத்தகைய சந்திப்பை மேம்பாலமும் இணைப்புச் சாலைகளுமாகத் திருத்திக் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதை அரசியலமைப்பே வகுத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றியப் பட்டியலின் 23ஆம் பதிவில் வருகின்றன. பிற சாலைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள், உள்ளூர்ச் சாலைகளை ஊராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும் மாநில அரசு ஒப்படைக்க வழிசெய்தன.

முன்பு தேசிய நெடுஞ்சாலை 45ஏ எனப்பட்ட விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையை நான்கு வழியாக்கும் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் புதுச்சேரி–பூண்டியாங்குப்பம் பகுதி கடலூரை ஒட்டியும், பூண்டியாங்குப்பம்–சட்டநாதபுரம் பகுதி சிதம்பரத்தை ஒட்டியும் செல்கின்றன. இரண்டும் கலப்பு ஆண்டுத்தொகை முறையில் எடுக்கப்பட்டவை. இம்முறையில் திட்டச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டுமானத்தின்போதே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தவணைகளில் வழங்கும். மீதி 60 விழுக்காட்டை ஒப்பந்த நிறுவனம் முதலில் முதலிட்டு, 15 ஆண்டுகளில் வட்டியோடு ஆணையத்திடமிருந்து திரும்பப் பெறும். சுங்க வருவாய் ஆணையத்துக்கே சேரும். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி எடுக்கப்படும் நிலத்துக்கான இழப்பீடும் ஆணையத்தின் செலவே.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் வாக்காளர் ஒப்புதலோடு அரை விழுக்காடு விற்பனை வரி விதித்து, நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு உள்ளூரே பங்கு செலுத்துகிறது. தமிழக உள்ளாட்சிகளுக்கு அவ்வளவு வரி அதிகாரம் இல்லை. சொத்து வரியும் நிதிக்குழு மானியமுமே பெரிய ஆதாரங்கள். 2021–26 காலத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. நெடுஞ்சாலை மேம்பாலம் கட்ட அதில் இடமில்லை.

ஆனாலும் உள்ளாட்சி ஒதுங்கி நிற்கக் கூடாது. சந்திப்பில் வந்து சேரும் தெரு, அதன் விளக்கு, மழைநீர் வடிகால் ஆகியவை உள்ளாட்சியின் கடமை. 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் கடலூர். கெடிலமும் வெள்ளாறும் கடலை நோக்கி ஓடும் இந்தச் சமவெளியில் உயர்ந்த மண்கரை எழுந்தால், போதிய சிறுபாலங்கள் இல்லாதபோது நீர் குடியிருப்புக்குள் தேங்கும். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதை நன்கறிந்தவர்கள் உள்ளூர் மக்களே.

அந்த அறிவைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. நில எடுப்பு அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சிறுபாலம், சர்வீஸ் சாலை, பாதசாரிப் பாதை ஆகியவற்றைக் கேட்டுக் கிராம சபையும் நகர்மன்றமும் தீர்மானம் நிறைவேற்றி ஆணையத்துக்கு அனுப்பலாம். வரைபடம் இறுதியாகும் முன்பே அது போய்ச் சேர வேண்டும். எழுப்பிய கரையை உடைத்துப் பிறகு வழி விடுவதற்குப் பல மடங்கு செலவாகும்.