மூன்று பயிற்சியாளர்கள், இரண்டு கோப்பைகள்

கேள்வி: 2024-25 சீசனில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணி மூன்று பயிற்சியாளர்களின் கீழ் ஆடியும் சாம்பியன் ஆனது எப்படி?

பதில்: பாதிப் பதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கிளம்பியபோது, லீக்கில் ஆடிய 11 ஆட்டங்களிலும் ஸ்போர்ட்டிங் வென்றிருந்தது. அந்தப் புள்ளிகள்தான் பிறகு கைகொடுத்தன.

அடுத்து வந்த ஜோவாவ் பெரெய்ரா, பி அணியிலிருந்து நேரே மேலே கொண்டுவரப்பட்டவர். சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 1-5. பிறகு சாண்டா கிளாராவிடமும் மொரெய்ரென்ஸிடமும் அடுத்தடுத்துத் தோல்வி. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அனுப்பிவிட்டார்கள். அனுபவமில்லாத ஒருவரை அந்த நெருப்பில் இறக்கியது நிர்வாகத்தின் தவறு என்றே சொல்வேன்.

விட்டோரியா கிமராயின்ஸிலிருந்து வந்த ருய் போர்ஜெஸுக்கு முதல் ஆட்டமே பென்ஃபிகாவுடன். 1-0 வெற்றி! தடுப்பில் நால்வரை நிறுத்திப் பார்த்தவர், வீரர்களுக்குப் பழகிப்போன மூவர் முறைக்கே பிறகு திரும்பினார். பிடிவாதம் பிடிக்காத அந்த முடிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். முன்வரிசையில் விக்டர் கியோகெரெஸ் லீக்கில் மட்டும் 39 கோல் அடித்தார்.

கடைசி நாளில் போர்ஜெஸின் பழைய அணியையே 2-0 என வீழ்த்திப் பட்டம். எட்டு நாள் கழித்து போர்ச்சுகல் கோப்பை இறுதி: பென்ஃபிகா முன்னிலையில் இருக்க, காயநேரத்தில் கியோகெரெஸின் பெனால்டி ஆட்டத்தைச் சமனாக்கியது. கூடுதல் நேரத்தில் 3-1. அந்த ஒரு ஆட்டத்தையாவது தேடிப் பாருங்கள்.