வளைகுடாவில் வருமான வரி வரலாமா?

எங்கள் திருநகர்ப் பக்கம் டிப்ளமோ முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அங்கே சம்பளத்தில் வரிப் பிடித்தம் கிடையாதுப்பா!"

அது பாதி உண்மை. 2014-ல் எண்ணெய் விலை சரிந்தபின் அந்நாடுகள் வேறு வருவாய் தேடின. சவுதியில் 2018-ல் 5 சதவீதமாக வந்த மதிப்புக் கூட்டு வரி, 2020-ல் 15 ஆனது. வெளிநாட்டுத் தொழிலாளி உடன் வைத்திருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என 2017-ல் தொடங்கிய கட்டணம், 2020-ல் 400 ஆனது. மனைவி, இரு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால்! மேனேஜருக்கும் அதே தொகை, டெக்னீஷியனுக்கும் அதே தொகை.

ஓமன் 2025-ல் வேறு வழி கண்டது. ஆண்டு வருமானம் 42,000 ஓமன் ரியாலைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் 5 சதவீத வரி. 2028 ஜனவரி முதல் அமல். வளைகுடாக் கூட்டமைப்பு நாடுகளில் இதுவே முதல் தனிநபர் வருமான வரிச் சட்டம். மாதம் 3,500 ரியால் வரை வாங்குபவருக்குக் கவலையில்லை.

என் கட்சி இதுதான்: வருமான வரி வரட்டும், உள்ளவரிடம் வாங்கட்டும். தலைக்கட்டணம் போகட்டும்.

வேலைக்கு ஆர்டர் வந்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள் நண்பர்களே. எல்லாம் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!