துபாயிலிருந்து கரண்ட் பில்: ஊர் வீட்டுக் கணக்குகளை வெளிநாட்டிலிருந்து கட்டும் வழி

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும்போது நார்த்தங்காய் ஊறுகாய் வரை மறக்காமல் எடுத்து வைப்பார்கள். வீட்டு ஈ.பி. கார்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதுதான் விட்டுப்போகும். போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, "கரண்ட் பில் கட்டணுமாம்பா, நம்பர் எங்கே இருக்குன்னு தெரியலையே" என்று அம்மா போனில் கேட்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

பணம் கட்டுவது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. மின்சாரம், வீட்டு வரி, கேஸ், இன்டர்நெட் எல்லாம் இணையத்தில் கட்டிவிடலாம். சிக்கல் வருவது போன் நம்பரில். பில் வந்த மெசேஜ் ஒருவர் போனுக்குப் போகும், பணம் இன்னொருவர் கணக்கிலிருந்து போகும், ஓ.டி.பி. மூன்றாவது ஆளிடம் இருக்கும் பழைய சிம்முக்கு வரும். இந்த மூன்றையும் ஒழுங்குபடுத்திவிட்டால் மீதி வேலை பத்து நிமிடம்.

முதலில் எண்கள்

ஊரில் இருக்கும்போதே, இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கொண்டு, எல்லா எண்களையும் ஒரே இடத்தில் எழுதிவையுங்கள். மின் இணைப்பு எண்தான் பலருக்குக் குழப்பம் தரும். அட்டையில் பல துண்டுகளாக எழுதியிருப்பார்கள்: பிரிவு, பகிர்மானம், கடைசியில் இணைப்பு எண். இணையத்தில் கட்டும்போது இவற்றுக்கு முன்னால் மண்டல எண்ணும் வேண்டும். சென்னை வடக்கு 01, கோவை 03, மதுரை 05, திருச்சி 06, திருநெல்வேலி 07. அந்த இரண்டு இலக்கம் தவறினால், "இப்படி ஓர் இணைப்பே இல்லை" என்று செயலி சொல்லும். அல்லது வேறு யாரோ ஒருவரின் பெயரைக் காட்டும். ஆகவே பணம் அனுப்பும் முன்பு திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியும் அவர் பெயரிலேயே இணைப்பு ஓடும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படியானால் தாத்தா பெயர் வருவதுதான் சரி.

அடுத்தது வீட்டு வரியின் வரிவிதிப்பு எண். சென்னையாக இருந்தால் மெட்ரோ வாட்டர் கணக்கு எண் தனி. கேஸ் கன்ஸ்யூமர் எண், இன்டர்நெட் கணக்கு எண், அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசி எண், எல்.ஐ.சி. பாலிசி எண்கள், டி.டி.எச். எண். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த போன் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். இதுதான் முக்கியமான பத்தி. எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் நீங்கள் கல்லூரியில் வைத்திருந்து தொலைத்த நம்பராக இருக்கும்.

இந்தப் பட்டியல் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு பிரதி வீட்டு பீரோவில், அப்பா ரசீதுகளை வைக்கும் அந்த மஞ்சள் பைக்குள் இருக்கட்டும். கடவுச்சொல்லும் பின் நம்பரும் மட்டும் அதில் வேண்டாம்.

வங்கிக் கணக்கு

வேலைக்காக வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டவர், ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு செலவு செய்வது அன்னியச் செலாவணி விதிப்படி சரியல்ல. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறக்க வேண்டும். ஊரில் வரும் வாடகை, ஓய்வூதியம், டிவிடெண்ட் முதலியவை என்.ஆர்.ஓ.வில் விழும், அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. உள்ளூர் பில் கட்ட இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். வாடகை வருமானம் உள்ளவர்கள் என்.ஆர்.ஓ.விலிருந்தே கட்டிவிடுவது நல்லது. என்.ஆர்.இ. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். அதைக் கரண்ட் பில்லில் கரைப்பானேன்?

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி, அப்பா கணக்குக்கு மாதம் ஒரு தொகை அனுப்பிவிடுவது. மகனோ மகளோ பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக அனுப்பாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள். இரண்டு மூன்று மாதத் தொகையை, ரூபாய் மதிப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கும் நாளில் சேர்த்து அனுப்புங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்-யு.பி.ஐ. இணைப்பு இருக்கிறது, அதில் சேர்ந்துள்ள வங்கியில் கணக்கு இருந்தால் அப்பாவின் யு.பி.ஐ. முகவரிக்கே நேராக அனுப்பலாம்.

ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது?

வெளிநாட்டில் இருப்பவர்கள் பலரும் செய்வது இது: ஊர் சிம்மை அப்பாவின் பழைய பட்டன் போனில் போட்டுவிட்டுப் போவார்கள். பணம் கட்டும்போது அப்பாவுக்கு போன் போட்டு, "மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க" என்பார்கள். அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் படிப்பார்.

இதில் உள்ள தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் போனில் யாராவது கேட்டால் ஓ.டி.பி. சொல்ல வேண்டும் என்று அவருக்கு மாதாமாதம் நீங்களே பழக்கிவிடுகிறீர்கள். நாளை வேறொரு குரல் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கேட்கும்போது அவர் ஏன் தயங்கப் போகிறார்? ஆகவே, பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ அவர் கையில் இருக்கும் போனுக்கே ஓ.டி.பி. வர வேண்டும். நீங்கள் கட்டுவதானால் உங்கள் போன், அப்பா கட்டுவதானால் அப்பா போன். கலப்படம் வேண்டாம்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, உங்கள் வெளிநாட்டு எண்ணையே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கில் பதிவு செய்வது. 2023 ஜனவரியில் என்.பி.சி.ஐ. இதற்கு வழி திறந்தது. அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் ஆகிய பத்து நாட்டு எண்களோடு யு.பி.ஐ. தொடங்கலாம் என்று முதலில் அறிவித்தார்கள். உங்கள் வங்கியும் செயலியும் அதற்கு இடம் தருகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி, ஊர் சிம்மை உங்களோடு எடுத்துப்போய் ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது. 90 நாள் தொடர்ந்து அழைப்பு, மெசேஜ், டேட்டா எதுவும் இல்லாத பிரீபெய்ட் எண்ணை நிறுவனம் செயலிழக்கச் செய்யலாம். அப்படிப் போன எண் பின்னர் வேறொருவருக்குக் கிடைக்கும். உங்கள் வங்கி மெசேஜ்களும் அவருக்கே போகும். ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி.யை இமெயிலுக்கும் அனுப்பும் வங்கிகள் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர் மட்டும் இந்த விதிக்கு வெளியே. சிலிண்டர் வரும்போது பதிவான எண்ணுக்கு ஒரு கோடு வரும்; அதை டெலிவரி செய்பவரிடம் சொல்ல வேண்டும். அந்த எண் உங்கள் துபாய் நம்பராக இருந்தால், வாசலில் சிலிண்டரோடு நிற்பவரைக் காக்க வைத்துவிட்டு அம்மா உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கேஸ் இணைப்பில் வீட்டில் இருப்பவரின் எண்ணே இருக்கட்டும். கூடவே அம்மாவுக்கு வேறுபாட்டையும் சொல்லிவையுங்கள்: சிலிண்டர் கோடு வாசலில் நிற்பவருக்கு மட்டும், வங்கிக் கோடு யாருக்கும் கிடையாது, நான் கேட்டாலும் கிடையாது.

ஒவ்வொன்றாகக் கட்டுவது

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும்; தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள், மீண்டும் கொடுக்கத் தனிக் கட்டணம். மின்வாரியத்தின் இணையதளத்தில் கட்டலாம். ஜிபே, போன்பே போன்ற செயலிகளில் பாரத் பில் பேமென்ட் வழியாகவும் கட்டலாம். செயலியில் கட்டியது வாரியக் கணக்கில் ஏறச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பதறி இன்னொரு முறை கட்டாதீர்கள். மறதிக்காரர்களுக்கு வாரியம் முன்பணம் கட்டும் வசதியும் வைத்திருக்கிறது. ஒரு தொகையைக் கட்டிவைத்தால் அடுத்தடுத்த பில்களில் கழித்துக்கொள்வார்கள்.

மின் கட்டணத்தை ஆட்டோ பேயில் போடாமல் பார்த்துக் கட்டுங்கள் என்பேன். எத்தனை யூனிட் ஓடியது என்பதில் வீட்டுச் செய்தி இருக்கிறது. திடீரென்று இரண்டு மடங்கானால் மோட்டாரிலோ ஒயரிங்கிலோ கோளாறு. மே மாத பில் 100 யூனிட்டைக்கூடத் தாண்டவில்லை என்றால், நீங்கள் வாங்கிக் கொடுத்த ஏ.சி.யை அம்மா போடவே இல்லை. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு தவணை: ஏப்ரலில் தொடங்குவது ஒன்று, அக்டோபரில் தொடங்குவது ஒன்று. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. மற்ற மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் இணையத்தில் கட்டும் வசதி இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்குத் தனி இணையதளம். வீட்டு வரியோடு குடிநீர்க் கட்டணத்தையும் அதில் கட்டலாம். ரசீதை உடனே பி.டி.எஃப்.ஆக இறக்கி வையுங்கள். நிலம், வீடு சம்பந்தமான எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது வீட்டு வரி ரசீதைத்தான்.

போன், இன்டர்நெட், டி.டி.எச். போன்றவற்றை ஆட்டோ பேயில் போட்டு மறந்துவிடலாம். காப்பீட்டு பிரீமியத்தையும் போடலாம், ஆனால் மறக்கக் கூடாது. பிரீமியம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும், வயதான பெற்றோரின் மருத்துவக் காப்பீடு சில சமயம் அதைத் தாண்டிவிடும். அந்த ஓ.டி.பி. செத்த சிம்முக்குப் போனால் பணம் எடுக்கப்படாது, பாலிசி காலாவதியாகும். காத்திருப்புக் காலங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். எல்லா பில்லிலும் ஆபத்தானது இதுதான். கரண்ட் போனால் மறுநாள் வாங்கிவிடலாம்.

அப்பா நடமாட்டத்தோடு இருந்தால் எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். ஈ.பி. ஆபீஸ் வரை நடந்துபோய், வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசி, பில் கட்டிவிட்டு வருவது அவருக்கு ஒரு வேலை. அவர் கட்டட்டும், 20 நாள் முடிவதற்கு முன்பு நீங்கள் இணையத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

பூட்டிய வீடும் வாடகை வீடும்

வீடு பூட்டியிருந்தால் மீட்டர் கேட்டுக்கு வெளியிலிருந்து படிக்கும்படி இருக்கிறதா பாருங்கள். கணக்கெடுக்க வருபவர் உள்ளே போக முடியாவிட்டால் முந்தைய கணக்கை வைத்தே பில் போடுவார்கள். எதுவும் ஓடாத வீட்டுக்குக் கோடைக் கணக்கில் பில் வரும். பிறகு அதைச் சரிசெய்ய ஆளைத் தேட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்தால் நல்லது.

வாடகைக்கு விட்டிருந்தால் மின் கட்டணத்தை வாடகைதாரர் கட்டுவார். பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்தால் அது இணைப்பின் தலையில், அதாவது உங்கள் தலையில் விழும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு மின்வாரியத் தளத்தில் பாக்கியைப் பாருங்கள். வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் வரி பிடித்துத்தான் தர வேண்டும் என்பது பல வாடகைதாரர்களுக்குத் தெரியாது. ஒப்பந்தம் எழுதும்போதே பேசிவிடுங்கள்.

மோசடி மெசேஜ்

"இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்று மெசேஜ் வரும். கீழே ஒரு சாதாரணச் செல்போன் எண் இருக்கும். தூரத்தில் இருப்பவர்கள் இதற்கு எளிதில் பயப்படுவார்கள். வீட்டில் வயதானவர்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்களே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஏதாவது செயலியை இறக்கச் சொல்வார்கள், கணக்கு காலியாகும். மின்வாரியத் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி இல்லை என்றால் மெசேஜை அழித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் ஊரில் இருப்பவரை உடனே 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

லீவில் வரும்போது

சில வேலைகளை நேரில் வந்தால்தான் முடிக்க முடியும். வங்கிக் கிளையில் கே.ஒய்.சி. புதுப்பிப்பது, தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்குவது, தாத்தா பெயரில் இருக்கும் மின் இணைப்பையும் வரிவிதிப்பையும் மாற்றுவது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருக்கும். அதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும் அண்ணனையோ தங்கையையோ முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு வருடமாக எந்த வரவு செலவும் இல்லாத பழைய கணக்கு ஏதாவது முடங்கிக் கிடந்தால் அதையும் இதே லீவில் உயிர்ப்பிக்கவோ மூடவோ செய்யலாம். கல்யாண வீடுகளுக்கு நாள் ஒதுக்கும்போது, வங்கி திறந்திருக்கும் நாள் ஒன்றை இதற்கென்று முதல் வாரத்திலேயே ஒதுக்குங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால், வங்கியில் கேட்கும் ஏதோ ஒரு காகிதம் துபாய் அறையில் இருக்கும்.