கொம்பைத் தின்றது யார்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அங்கே ஒரு பழம்பொருள் கடையில் வெடிமருந்துக் கொம்பு ஒன்று வாங்கி வந்தான். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாம். மேலே சின்னச் சின்ன ஓட்டைகள். சண்டையில் குண்டு பட்டதா? எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: குண்டு பட்ட கொம்பு என்றால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கதை சொல்ல வசதிதான். ஆனால் அந்தக் காலத்து மஸ்கெட் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தடிமன். அது பட்டிருந்தால் கொம்பு பிளந்தே போயிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவதோ மிளகு நுழையும் அளவு ஓட்டைகள், பக்கத்திலேயே ஆழமில்லாத நெளிந்த தடங்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சியையும் சந்தேகிக்க வேண்டாம். அது அடிப்பக்க மர மூடியோடு நின்றுவிடும்.

மாட்டுக் கொம்பின் உள்ளெலும்பை நீக்கினால் எஞ்சும் கூடு கெரட்டின். நம் நகமும் முடியும் ஆன அதே புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது செரிக்காது. கம்பளிச் சால்வையை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு, காய்ந்த தோலையும் ரோமத்தையும் தின்னும் தோல் வண்டின் புழு போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியும். நீர் புகாது, தீப்பொறி எழுப்பாது என்றுதான் கொம்பில் மருந்து வைத்தார்கள். தோளில் தொங்கியவரை பிழைத்த கொம்பு, பரணுக்குப் போனதும் சாப்பாடாகிவிட்டது.

ஆகவே முதல் வேலை அடைப்பதல்ல, விருந்தாளி போய்விட்டாரா என்று பார்ப்பது. கறுப்புத் தாள்மேல் சில வாரம் வையுங்கள். புதிதாகத் தூளோ, புழு உரித்த தோலோ விழுந்தால் இன்னும் உள்ளே இருக்கிறார். பாலித்தீன் பையில் காற்றை நீக்கி மூடி, மைனஸ் 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைப்பது அருங்காட்சியக வழக்கம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் பொறுங்கள். விரிசலோ செதுக்கு வேலையோ இருந்தால் இந்தக் குளிரூட்டலையும் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடமே விடுங்கள். இன்னொன்று: உள்ளே கருந்தூள் ஒட்டியிருந்தால் சுரண்டவோ துளைபோடவோ வேண்டாம். உலர்ந்த கருமருந்து எத்தனை ஆண்டானாலும் பற்றிக்கொள்ளும்.

எபாக்சியை நான் தொடவிட மாட்டேன். கொம்பு ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். இறுகிய எபாக்சி அதற்கு ஈடுகொடுக்காது. பிறகு எடுக்க நினைத்தால் கொம்பும் சேர்ந்து பெயரும். வல்லுநர்கள் பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசி, நிறமேற்றிய மெல்லிய ஜப்பானியத் தாளைப் படலம் படலமாக வைத்து ஓட்டையை நிரப்புவார்கள். வேண்டாம் என்றால் அதே அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம்.

நீங்கள் இனி அதில் மருந்து நிரப்பப் போவதில்லையே? விளிம்பு உதிராத ஓட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள். எங்காவது பழைய மர ஆணியால் அடைத்த ஓட்டை தென்பட்டால் அதையும் பிடுங்க வேண்டாம். கொம்பை உண்மையிலேயே பயன்படுத்திய யாரோ பழுதுபார்த்த அடையாளமாக இருக்கலாம் அது.