இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்கட்டும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். வேதியியல் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. ரெக்கார்டு நோட்டை மனப்பாடம் செய்தும் தரம்பார்த்தல் என்றாலே கை நடுங்குகிறது. எப்படித் தயாராவது?

பதில்: முதலில் நோட்டை மூடிவையுங்கள். பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமிலச் சோதனையைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ என்று கேளுங்கள். வைவாவில் கேட்பதும் அதைத்தான். ஏன் நீர்த்த கந்தக அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால், பெர்மாங்கனேட் குளோரைடையும் குளோரினாக்கிச் செலவாகும், அளவு கூடிவிடும். ஏன் 60, 70 டிகிரிச் சூடு? ஆறிய கரைசலில் வினை மந்தம். சூடாக்கிய பிறகும் முதல் சில சொட்டுகளின் நிறம் தயங்கித்தான் மறையும். பதறாதீர்கள். மாங்கனீசு அயனி உருவானதும் அதுவே வினையூக்கியாகி வேகத்தைக் கூட்டும். பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது அவசரமாக விட்டுவிட்டீர்கள்.

கை நடுக்கம் படித்துப் போவதில்லை. ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, பியூரெட்டில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் ஒவ்வொரு சொட்டாக விடப் பழகுங்கள். நான் அறிந்த நல்ல மருந்து இதுதான். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதாதீர்கள். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் மேல்மட்டத்தைப் பார்த்து அளவெடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை.

பக்கத்து மேசை அளவைப் பார்த்து உங்களுடையதை மாற்றவே மாற்றாதீர்கள். அவருக்குத் தந்த கரைசலின் செறிவு வேறாக இருக்கலாம். இரண்டு அளவுகள் ஒத்துவந்த பிறகு கணக்கீட்டைத் தொடங்குங்கள்.