ரத்தத் தாளும் புற்றுநோய் பயமும்: ஷிப்ட் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 'முழு உடல் பரிசோதனை' நோட்டீஸ் புதிதல்ல. அதில் 'கேன்சர் மார்க்கர்' என்ற வரி இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாதபோது, டாக்டர் சொல்லாமல் மார்க்கர் பரிசோதனை வேண்டாம். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் தங்கைக்கு சி.ஏ.125 என்ற மார்க்கரின் அளவு 58 என்று வந்தது. 35-க்குள் இருக்க வேண்டும் என்று தாளில் அச்சடித்திருந்தது. மூன்று இரவு வீட்டில் யாரும் கண் மூடவில்லை. ரத்தம் கொடுத்த அன்று அவளுக்கு மாதவிலக்கு இரண்டாம் நாள். அதை யாருமே கேட்கவில்லை. மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் எதிலும் இந்த எண் ஏறும். ஆனால் சினைப்பைப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. கூடினால் நோய் என்றும் கொள்ள முடியாது, குறைந்தால் நிம்மதி என்றும் இருக்க முடியாது.

2. நம்மிடையே அதிகம் காணும் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை மார்க்கர் பரிசோதனை முன்கூட்டிப் பிடித்துத் தராது. கண்ணும் கையும்தான் பிடிக்கும். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், மார்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். 30 வயதானவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். நைட் ஷிப்டில் கண் சொக்காமலிருக்கப் புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்கள் 30 வரை காத்திருக்க வேண்டாம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆறாத புண், வாயை முழுக்கத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

3. சி.பி.சி. எனும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை வேறு வகை. ரத்தப் புற்றுநோயின் முதல் தடயம் பெரும்பாலும் இதில்தான் தெரியும். பென்சீன் கலந்த கரைப்பான்களை நெடுநாள் சுவாசித்தால் எலும்பு மஜ்ஜை கெடும். அதனால் பெயிண்ட், தின்னர் புழங்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் கம்பெனி எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சென்ற வருடத் தாளோடு வைத்துப் பாருங்கள்.

ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கினால் இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலிலோ இரைப்பையிலோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

4. பி.எஸ்.ஏ. எனும் புராஸ்டேட் மார்க்கர் வயதான ஆண்களுக்கானது. புராஸ்டேட் வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் கூடும். ஃபினாஸ்டரைடு மாத்திரை அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

5. ரத்தம் எடுப்பவர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்ல வேண்டியவை: முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை (சில பரிசோதனைகளில் எண்ணையே புரட்டிவிடும்), புகைபிடித்தல் (சி.இ.ஏ. என்ற மார்க்கர் கூடும்), மஞ்சள் காமாலை (சி.ஏ.19-9 என்ற மார்க்கர் கூடும்), மாதவிலக்கு நாள். மார்க்கருக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஷிப்ட் முடிந்து பசியோடு வரிசையில் நிற்காதீர்கள்.

6. பெரும்பாலான புற்றுநோய்களை உறுதி செய்வது சதைப் பரிசோதனைதான். உறுதியான பிறகு ரத்தத்துக்கு வேறு வேலை உண்டு: நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தை ரத்தத்திலேயே தேடி, அதற்கேற்ற மாத்திரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

7. மார்க்கர் உண்மையில் துணையாவது சிகிச்சை தொடங்கிய பின்புதான். பெருங்குடல் அறுவைக்குப் பிறகு சி.இ.ஏ., தைராய்டை எடுத்த பிறகு தைரோகுளோபுலின் என்று நோய் திரும்புகிறதா எனக் கண்காணிப்பார்கள். ஒரு எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். மூன்று நான்கு தாள்களை அடுக்கி, போக்கைப் பாருங்கள். ஒவ்வொரு லேபின் முறையும் வேறு என்பதால் எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். எல்லாத் தாளையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

8. கீமோ எடுப்பவர் இருக்கும் வீட்டில், ஹாஸ்டல் அறையானாலும், தெர்மாமீட்டர் கட்டாயம். பொதுவாக மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோயை விட இந்தத் தாமதம் சில சமயம் வேகமாக உயிரெடுக்கும். அணுக்கள் குறைவு என்று டாக்டர் கீமோவைத் தள்ளிவைத்தால் பயப்படாதீர்கள். அது உங்களைக் காக்கத்தான்.

9. சந்தேகம் வந்தால் அருகிலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் எட்டும் தூரம்தான்.

10. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, சந்தா நாட்களும் சேர்ந்திருந்தால், புற்றுநோய்க்கு நீண்டகால நோய்ப் பலனாகச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். கான்ட்ராக்டர் மாறும்போது புதிய நம்பர் போடவிடாதீர்கள், பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரையே கொடுங்கள். அந்த நம்பரையும் ரத்தத் தாள்கள் வைத்த ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.