அழைப்புப் பட்டியலில் ஒரு பெயர்

எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் திருமணம் நிச்சயமானதும், பெரியவர்கள் கூடி அமர்ந்து அழைக்க வேண்டியவர் பட்டியலை எழுதுவர். அதில் இடம் பெற்றவர் உறவினர், விடுபட்டவர் வெளியார். காதற் கதைகளுக்கும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. பழைய நாடகங்களைப் புதினங்களாக மாற்றி எழுதும் இன்றைய எழுத்தாளர் சிலர் அப்பட்டியலைத் திருத்துகின்றனர். அத்திருத்தம் தகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மறுபடைப்பு நமக்குப் புதிதன்று. 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்', லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கினார். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் படமெடுத்து வந்த ஜூபிடர் நிறுவனம், ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தைத் தழுவி 1949-இல் 'கன்னியின் காதலி'யை அளித்தது. கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமானது அப்படத்திலேதான்.

அந்நாடகத்தில் வயோலா ஆணுடை தரிக்கிறாள். அவளை ஆணென்றே எண்ணி ஒலிவியா காதலிக்கிறாள். இறுதியில் வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் வந்து சேர, சிக்கல் தீர்கிறது; நாமும் சிரிக்கிறோம். ஆனால் செபாஸ்டியனைக் கடலினின்று காத்து, அன்பின் மிகுதியால் தன் உயிருக்கும் அஞ்சாது அவன்பின் வந்த அந்தோனியோ என்னவானான்? இணைகள் ஒன்றுசேரும் இறுதிக் காட்சியில் அவன் மட்டும் தனியே நிற்கிறான்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடம் பூண்டவர் சிறுவரே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையிலும் சிறுவரே 'ஸ்திரீ பார்ட்' ஆடினர். வேடத்தைக் கைதட்டி வரவேற்ற சமுதாயம், பெண்ணாகவே வாழ விழைந்தவரை வாயிலில் நிறுத்தியது. தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008-இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014-இல். ஒரு பாலினத்தாரின் காதல் குற்றமன்று என அது தீர்ப்பளித்தது 2018-இல்.

புதிய புதினங்கள் இவர்களை உள்ளே அழைக்கின்றன. குளோயி கோங் 2020-இல் வெளியிட்ட புதினத்தில் ரோமியோ-ஜூலியட் கதை 1926-ஆம் ஆண்டின் ஷாங்காய் நகரில் நிகழ்கிறது. அதில் நாயகியின் உறவினள் ஒருத்தி திருநங்கை. அவள் வேடக்காரியும் அல்லள், நகைப்புக்குரியவளும் அல்லள். கேலப் ரோரிக்கின் 2023-ஆம் ஆண்டுப் புதினத்திலோ, ரோமியோ காதலிப்பது மெர்குஷியோவின் தம்பி வாலன்டைனை.

"இது மூலத்தைச் சிதைப்பதன்றோ?" எனச் சிலர் வினவலாம். மூலத்தைப் புரட்டிப் பார்ப்போம். ஜூலியட் வீட்டு விருந்துக்கான பட்டியலை எழுத்தறியாப் பணியாள் ஒருவன் நீட்ட, ரோமியோவே அதை உரக்கப் படிக்கிறான். அதில் வாலன்டைனின் பெயரும் உண்டு! நாடகம் முழுவதும் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நானூறு ஆண்டுகள் பெயராய் மட்டும் இருந்தவனுக்குப் புதின ஆசிரியர் குரல் கொடுத்துள்ளார். எனவே இது சிதைப்பன்று, நிரப்புதலே.

எனினும், பெயரளவில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. அவருக்கும் ஆசை, பிழை, கதையில் ஒரு முடிவு ஆகியன வேண்டும். இதுவே நல்ல மறுபடைப்பின் உரைகல்.

நம் கொங்கு மண்ணில் ரோமியோவை எழுதப் புகுவோர்க்கு இருவீட்டுப் பகை மட்டும் போதாது. 2016-இல் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த பொறியியல் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. பட்டியலில் விடுபடுவது இங்கே உயிர் போகும் செய்தி.

மாணவ நண்பர்களே! நாளை நம்முள் ஒருவர் அக்கதையை எழுதக்கூடும். எழுதுமுன் பழைய பட்டியலை ஒருமுறை உரக்கப் படியுங்கள். பேசாத பெயர் ஒன்று அதில் காத்திருக்கும்.